சீட்டு ஒட்டாத பரணி

அத்தியாயம் பதினாறு

குற்றாலத்து வாடகை வீட்டில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய இராமலட்சுமி, அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிய வியாழக்கிழமை காலையில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்த வாரக் கதையே வேறாகியிருக்கும்.

டெம்போவின் முன்சீட்டில் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொடிச்சாரல் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தது. எதிரே அருவிக்குப் போகிற வேன்கள் வரிசையாக வந்தன. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆட்கள் ரோட்டின் நடுவில் சாவகாசமாக நடந்தார்கள்.

சீசன் சமயத்தில் சாமான் ஏற்ற வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. கடைசியில் பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அடிக்கிற கிதிர் முகம்மதுவின் டெம்போதான் கைகொடுத்தது. அவர் எவ்வளவு கழுவியும் உள்ளிவாடை போகவில்லை. மெத்தை, தலையணை, பட்டுச்சேலைப் பெட்டி எல்லாமே சின்ன வெங்காய மணத்தோடுதான் புது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அன்றைக்கு ஆனி முப்பது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். விட்டால் ஆவணிதான். வீட்டுச் சொந்தக்காரர் நம்பிராஜன் அண்ணாச்சியோ, வெள்ளையடித்து சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட வேண்டும் என்று பதினொரு மணிக்கு ஆள் வரச் சொல்லியிருந்தார். பத்தரைக்குள் குத்துக்கல்வலசைப் புது வீட்டில் பால் பொங்க வேண்டும்.

இராமலட்சுமியின் மனசில் பாலைவிட வேறொன்றுதான் பொங்கிக்கொண்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமியார் வடிவாம்பாள் இறந்த பதினாறாம் நாள் விசேஷத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாமியாரின் ஏழுகல் தோட்டில் ஒன்று வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. இன்னொன்றைக் காணோம். நாத்தனார் லோகநாயகி, அத்தனை சொந்தபந்தமும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்டாள்: "அம்மாவக் கடைசியாக் குளிப்பாட்டுனவ நீதானட்டி. இன்னொரு தோடு எங்க?"

அன்றோடு பேச்சு முறிந்தது. லோகநாயகி ஒற்றைத் தோட்டை எடுத்துக்கொண்டு வடகரைக்குப் போனவள், தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இராமலட்சுமிக்குக் கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்காரவே கூசியது. யாராவது அவள் காதைப் பார்த்தால்கூட அந்தத் தோட்டைத்தான் தேடுகிறார்களோ என்று தோன்றும். நாலு வருஷம் ஒரு பெண் அப்படி வாழ்வது சாதாரணம் இல்லை.

அந்தத் தோடு போன வாரம் கிடைத்துவிட்டது.

கிடைக்கவைத்தவள் மருமகள் சத்யபிரியா. மகன் விஜயசங்கர் பெங்களூரிலேயே இருக்க, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு மாமனார் மாமியாரோடு இருப்பவள். பெங்களூரில் அஞ்சு வருஷத்தில் நாலு வீடு மாறிய அனுபவம் அவளுக்கு. மாற்றம் என்று முடிவானதுமே ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அத்தை, ஒரு பெட்டி விடாம சீட்டு ஒட்டணும். உள்ள என்ன இருக்கு, யாருடையது, எந்த ரூமுக்குப் போகணும். மூணும் எழுதணும்."

"ஏட்டி, நம்ம சாமான் நமக்குத் தெரியாதா?"

"அன்னைக்குத் தெரியாது அத்தை. நான் ஒரு தடவ பால் பாத்திரத்தத் தேடி ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் பெட்டியப் பிரிச்சிருக்கேன்."

பீரோவை ஏற்றும் முன்பே புது வீட்டு வாசற்காலை அளந்துவிட்டு வந்தாள். கட்டிலைக் கழற்றியதும் ஆணிகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டினாள். முதல் நாள் பெட்டி என்று ஒன்று தனியாக வைத்தாள். பால் பாத்திரம், தீப்பெட்டி, டம்ளர், பல்பு, ஸ்குரூ டிரைவர், மாமாவின் மாத்திரை, சோப்பு, துண்டு. "இது கடைசியா ஏறணும், மொதல்ல எறங்கணும்" என்று அதற்கு ஒரு சட்டம் வேறு. கணவர் சிவசைலம், பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் கட்டினவர், மருமகளிடம் தோற்றுப்போனார்.

அவளுடைய இன்னொரு சட்டம், மரப்பெட்டி எதையும் கவிழ்த்துத் தட்டாமல் ஏற்றக்கூடாது. அப்படி அரிசிப் பெட்டியைக் கவிழ்த்தபோதுதான் அடிப்பலகை இடுக்கில் ஒரு மஞ்சத் துணி முடிச்சு தட்டுப்பட்டது. சத்யபிரியா அந்நேரம் மாடியில் ஆபீஸ் போனில் இருந்தாள். முடிச்சு அவிழவே இல்லை. இராமலட்சுமி கத்திரிக்கோலால் துணியை வெட்டினாள். ஏழு கல்லும் கண்ணைப் பறித்தன.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமியார்தான் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பால் காய்ச்சுகிற அன்றைக்கு, அன்று எல்லோர் முன்னாலும் மானம் போயிற்றே, அதே போல எல்லோர் முன்னாலும் தோட்டை லோகநாயகி மைனி கையில் கொடுத்துவிட வேண்டும். மைனி வந்தால்தானே? சிவசைலம் அழைத்தபோது லோகநாயகி ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். வராவிட்டால் வடகரைக்கே போய்க் கொடுப்பது என்று முடிவு.

வெட்டிய துணியிலேயே தோட்டை வைத்தாள். மருமகளின் பழக்கம் தொற்றிக்கொண்டதோ என்னமோ, உள்ளே ஒரு சீட்டும் எழுதி வைத்து மடித்தாள். மடித்ததை மாமியாரின் ஊறுகாய்ப் பீங்கான் பரணியில் போட்டு, மேலே ஒரு படி அரிசியைக் கொட்டினாள். புது வீட்டுக்குள் முதலில் போகிற அரிசி அதுதான்.

"அத்தை, பரணிக்குச் சீட்டு?" என்று சத்யபிரியா கேட்டபோது, "அதுக்கு ஒண்ணும் வேண்டாம். அத நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். உள்ளே என்ன என்று மருமகள் கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்.

இங்கேதான் பிடித்தது வினை.

புது வீட்டில் எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு நடந்தது. சிவசைலம் சாமி படத்தோடு வலது காலை வைத்து உள்ளே போய், நேரே கொல்லைப்பக்கம் ஓடி மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். பீரோ வாசற்காலில் உரசாமல் நுழைந்தது. கிதிர் முகம்மதுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எத்தனையோ வீட்டுச் சாமான் எறக்கியிருக்கேன் மதினி. 'இத எங்கன வைக்க, அத எங்கன வைக்க'ன்னு தொண்டத்தண்ணி வத்தாம எறக்குனது இதான் மொதத் தடவ. சீட்டப் பாத்தேன், வச்சேன், முடிஞ்சிது."

"ஃபிரிட்ஜ மட்டும் இப்ப சுவிட்ச் போட்டுராதீங்க அண்ணா, குலுங்கி வந்திருக்கு, கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டும்" என்றாள் சத்யபிரியா.

"அப்பாடா" என்று இராமலட்சுமி முதல் தடவையாக மூச்சு விட்டாள். விளக்கைத் துடைத்து வைத்தாள். அடுப்பைப் பொருத்தியாயிற்று. மணி ஒன்பதே முக்கால். உப்பு வந்துவிட்டது, மஞ்சள் வந்துவிட்டது.

"ஏங்க, பரணி எங்க?"

"எந்தப் பரணி?"

"ஒங்கம்மா பரணிங்க. அரிசி போட்டு அடுக்களை மேடையில வச்சிருந்தேனே."

சிவசைலம் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "அதான் அங்கன வச்சிட்டு வந்துட்டேனே. நீதான சொன்ன, வீட்ட வெறுமையா விட்டுட்டு வரப்படாது, ஒரு கை அரிசியும் ஒரு சொம்புத் தண்ணியும் வச்சிட்டு வரணும்னு. அரிசியோட தயாரா இருந்துச்சு. பக்கத்துல தண்ணி ஊத்தி வச்சிட்டு, ஒரு கும்பிடும் போட்டுட்டு வந்தேன்."

"ஒரு கை அரிசின்னா ஒரு படி அரிசியா? பரணியோடயா?"

"சத்யாதான சொன்னா, சீட்டு ஒட்டுனதெல்லாம் வண்டியில, ஒட்டாதது எதுவும் நம்ம கூட வராதுன்னு. கூட்டுற பழைய வாரியலு, கோரப்பாயி, அந்தப் பரணி, மூணுக்குந்தான் சீட்டு இல்ல."

இராமலட்சுமி அப்படியே அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டாள். கோபிக்க ஆளில்லை. சொன்னது அவள், சட்டம் போட்டது மருமகள், இரண்டையும் எழுத்துப் பிசகாமல் செய்தவர் அவர்.

அவர் மறுபடி மோட்டாரைப் பார்க்கப் போனதும் மருமகளை உள்ளறைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு வருஷமா தேடுன தோடா? அத்தை, என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"பெருசா எல்லாரையும் அசத்தணும்னு நெனச்சேன் தாயி. என் புத்தி."

"நான் ஸ்கூட்டர்ல போயிட்டு வந்துருதேன். பதினோரு மணிக்குத்தான் பெயின்டர் வருவாங்க."

"இரு தாயி, மொதல்ல அண்ணாச்சிக்குப் போன் பண்ணுவோம். பூட்டி வைக்கச் சொல்லுவோம்."

நம்பிராஜன் அண்ணாச்சி மூன்றாவது ரிங்கில் எடுத்தார். "பரணியா? அத இப்பத்தானம்மா ஒங்க நாத்துனா வந்து எடுத்துட்டுப் போறாவ. எட்டு மணிக்கே வரணும்னு கெளம்புனாவளாம், பஸ்ஸு சீசன் கூட்டத்துல மாட்டிக்கிச்சாம். வெறும் வீட்டப் பாத்ததும் மொகமே சரியில்ல. பரணியப் பாத்துட்டு 'எங்கம்மா சாமான அநாதையா விட்டுட்டுப் போயிட்டாளே'ன்னு சொன்னாவ. ஆட்டோ பிடிச்சுப் போயிட்டாவ."

"எங்க போனாவ அண்ணாச்சி?"

"அது தெரியலயேம்மா."

போனை வைத்தாள். தோட்டைத் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. இது அதைவிட மோசம். மைனி பரணிக்குள் கை விடுவாள். நாலு வருஷமாக யாரைத் திருடி என்று நினைத்தாளோ அவள் வீட்டு அரிசிக்குள்ளிருந்து தோடு வெளியே வரும். இனிமேல் தலைகீழாக நின்று சொன்னாலும் யார் நம்புவார்கள்?

"மணி பத்து ஆச்சு ராமு, பாலு காய்ச்சுவமா?" என்று சிவசைலம் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"பொறுங்கன்னா பொறுங்க!"

பத்து அஞ்சு. பத்து பத்து. பால் பாத்திரம் அடுப்பின்மேல் இருந்தது, அடுப்புப் பற்றவில்லை. சத்யபிரியா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடியே இராமலட்சுமிக்குப் பெரிய பலமாக இருந்தது.

பத்தேகாலுக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

லோகநாயகி இறங்கினாள். சாரலில் நனைந்த சுங்குடிச்சேலை. இடுப்பில் பரணி. ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டுக் கேட்டுக்குள் வந்து, படிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"வாங்கன்னு சொல்லுதுக்கு இந்த வீட்டுல ஆளில்லையா?"

"வா அக்கா, வா!" என்று சிவசைலம் வேட்டி தடுக்க ஓடினார். இராமலட்சுமி கையைக் குவித்தாள்.

"பாலு காய்ச்சியாச்சா?"

"இல்ல மைனி."

"நான் வருவேன்னு தெரியுமோ?"

"தெரியாது மைனி. காய்ச்ச முடியல."

லோகநாயகி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். நேரே அடுக்களைக்குப் போய்ப் பரணியை மேடைமேல் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டுக்குப் பிறந்தவள் பால் காய்ச்சுவதுதான் முறை. அந்த முறையை அவள் கேட்டு வாங்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. தானே எடுத்துக்கொண்டாள்.

பால் நுரைத்து, எழும்பி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. சத்யபிரியா குலவை போடத் தெரியாமல் கைதட்டினாள். சிவசைலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இராமலட்சுமி மட்டும் மெதுவாகப் பரணிக்குள் கையை விட்டு அடிவரை துழாவினாள்.

அரிசிதான் இருந்தது.

"அங்கன இல்லட்டி" என்றாள் லோகநாயகி. "ஆட்டோ குலுக்குன குலுக்குல மூடி எகிறி அரிசியெல்லாம் என் மடியில கொட்டிருச்சி. அள்ளிப் போடும்போது கெடச்சிது."

மடியிலிருந்து மஞ்சத் துணியை எடுத்தாள். தோட்டை எடுக்கவில்லை. சீட்டைத்தான் பிரித்தாள். கண்ணாடி இல்லாமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படியாக வாசித்தாள்.

"அத்தையின் ஏழுகல் தோடு, ஒன்று. லோகநாயகி மைனிக்கு. அரிசிப் பெட்டி அடிப்பலகை இடுக்கில் கிடைத்தது, ஆனி 21, செவ்வாய்க்கிழமை."

என்ன, யாருடையது, எங்கே போகணும். மருமகளின் மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. சத்யபிரியாவின் கண் விரிந்தது.

"கீழ இன்னொரு வரி எழுதி அடிச்சிருக்க. அடிச்சாலும் தெரியுது. 'நான் எடுக்கவில்லை.' இத ஏன்ட்டி அடிச்ச?"

இராமலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "எழுதுனா மட்டும் நம்பிருவியளா மைனின்னு தோணிச்சு. அதான்."

லோகநாயகி சீட்டை மடித்தாள்.

"நாலு வருஷமா வாயால சொன்ன. நான் நம்பல. இன்னைக்கு அடிச்சி வச்சிருக்கதப் பாத்துட்டு ஆட்டோவுல உக்காந்து அழுதேன். ஆட்டோக்காரன் பயந்துபோயி டீ வாங்கித் தரட்டுமான்னு கேக்கான். களவாங்குனவ எதுக்குட்டி எனக்குன்னு பேரெழுதி, தேதி போட்டு வைக்கா? அதும் வெறும் வீட்டுல அப்படியே கெடந்த பரணிக்குள்ள? கூட்டத்துல வச்சி ஒன்னக் கேட்டேன் பாரு, அந்த வாய..."

"விடுங்க மைனி. அத விடுங்க."

"விட மாட்டேன். அன்னைக்கு எத்தன பேரு முன்னாடி கேட்டேனோ அத்தன பேரு வீட்டுக்கும் நானே போயி சொல்லுவேன். என் தம்பி பொண்டாட்டி எடுக்கலன்னு."

இராமலட்சுமிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. போன வாரம் தரையில் உட்கார்ந்து அழுத அழுகை வேறு. இது நெஞ்சிலிருந்த பாரம் முழுக்கக் கரைந்து வெளியே போகிற அழுகை. லோகநாயகி அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேர் மேலும் சாரலும் உள்ளிவாடையும் கலந்து அடித்தது.

லோகநாயகி மணிபர்ஸைத் திறந்து, தான் வைத்திருந்த ஒற்றைத் தோட்டை எடுத்தாள். "ஒத்தத் தோட வச்சி நான் என்ன செய்யப்போறேன், இதோட சண்ட தீரட்டும், ஒன் மருமவ ஒரு மோதிரமாவது பண்ணிக்கிடட்டும்னுதான் கொண்டாந்தேன். இப்ப ஜோடியாச்சு. இந்தா தாயி, போட்டுக்கோ."

"பெரியம்மா, எனக்கா?" என்று சத்யபிரியா மாமியாரைப் பார்த்தாள். இராமலட்சுமி கண்ணைத் துடைத்தபடியே தலையை ஆட்டினாள்.

பால் டம்ளர்கள் முதல் நாள் பெட்டியிலிருந்து ஒன்றுகூடக் குறையாமல் வந்தன. கிதிர் முகம்மதுவும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வெறும் தரையில் பாயைப் போட்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நாலு வருஷத்துப் பேச்சு ஒரேயடியாகக் கொட்டியது. வடகரைத் தென்னைக்கு வந்த வண்டு, லோகநாயகி மகள் அபர்ணாவுக்குப் பார்க்கிற மாப்பிள்ளை, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, எல்லாம்.

இந்தச் சந்தோஷத்தில் லோகநாயகி தோடு சுற்றியிருந்த மஞ்சத் துணியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். சட்டென்று உருட்டுவதை நிறுத்தினாள்.

"ஏட்டி, இந்த முடிச்சு நீ போட்டதா?"

"இல்ல மைனி. அது இருந்தபடியே இருக்கு. அவுக்க முடியாமத்தான் துணிய வெட்டுனேன். அத்தைதான் முடிஞ்சி வச்சிட்டு மறந்துட்டாவன்னு நெனச்சேன்."

"அம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருஷம் வெரலே மடங்காதே. முந்தியில முடிஞ்ச வெத்திலையக்கூட நாமதான அவுத்துக் குடுப்போம்." லோகநாயகி முடிச்சைத் தூக்கிப் பிடித்தாள். இறுக்கி, இரட்டையாகப் போட்ட முடிச்சு, ஃபைல் கட்டுகிற மாதிரி. "இத அம்மா போடல. பொறவு யாரு போட்டா?"

சிவசைலம் டம்ளரைக் கீழே வைத்தார். பால் பாதி அப்படியே இருந்தது.

"தண்ணி ஏறணும்லா. நான் போயி மோட்டாரப் போட்டுட்டு வாரேன்" என்று எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தார்.

மாடித்தொட்டி நிரம்பி வழிந்து சன்ஷேடில் தண்ணீர் கொட்டுகிற சத்தம், உட்கார்ந்திருந்த மூன்று பெண்களுக்கும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.